அண்மையிலிருந்தும் கண்காணா விண்மீன்

அருகில் உள்ளவை தெளிவாகத் தெரியும், தொலைவில் உள்ளவை மங்கித் தோன்றும் என்பது உலகியல். விண்வெளியில் இவ்விதி முழுமையாகப் பொருந்துவதில்லை. கதிரவனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனை வெறுங்கண்ணால் காணவே இயலாது. பிராக்சிமா சென்டாரி என்பது அதன் பெயர். இலத்தீன் மொழியில் ‘பிராக்சிமா’ என்றால் ‘மிக அண்மையது’ என்று பொருள்.

மே, ஜூன் மாதங்களில் முன்னிரவில் அரக்கோணத்திலிருந்து தெற்கே நோக்கினால், அடிவானுக்குச் சற்று மேலே ஒளிமிக்க இரு விண்மீன்கள் அருகருகே தோன்றும். அவற்றுள் கிழக்கே இருப்பது ஆல்ஃபா சென்டாரி. அதன் மற்றொரு பெயரான ‘ரிஜில் கென்டாரஸ்’ என்பதில் வரும் ‘ரிஜில்’, காலைக் குறிக்கும் அரபுச் சொல்லாகும். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீன் ஒன்றை ஆராய்ந்த ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், இவ்விண்மீன் ஒன்றன்று, இரண்டு எனக் கண்டறிந்தார். அக்குடும்பத்தின் மூன்றாம் உறுப்பே பிராக்சிமா. அதனை 1915இல் ஜோகன்னஸ்பர்க்கில் கண்டவர் இராபர்ட் இன்னஸ்.

இது செந்நிறக் குறுமீன் வகையைச் சார்ந்தது. இதன் நிறை கதிரவனின் நிறையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுவதால் ஒளி குறைவு. ஆயுளோ இலட்சம் கோடி ஆண்டுகளையும் கடக்கும்.

இதனைச் சுற்றும் கோள்களை எவ்வாறு அறிந்தனர்? நம் நிலையத்தில் நில்லாது செல்லும் விரைவுத் தொடர்வண்டியின் ஊதல், நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் ஒலிப்பதைக் கேட்டிருப்போம். ஒளிக்கும் இத்தன்மை உண்டு. கோளின் ஈர்ப்பால் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் சிறிது அசைய, அதன் நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்கின்றன. 2016இல் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா பி என்னும் கோள் ஏற்படுத்தும் அசைவு நொடிக்கு 1.4 மீட்டர், அது மனிதன் நடக்கும் வேகமே! 40 இலட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நடையை அளந்தனர் என்றால் அவர்தம் பொறுமையை என்னென்பது! 2022இல் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா டி ஏற்படுத்துவதோ நொடிக்கு 40 சென்டிமீட்டர் அசைவு மட்டுமே.

பிராக்சிமா பி கோளின் ஓராண்டு 11 நாள்களே. மங்கிய விண்மீனை நெருங்கிச் சுற்றுவதால், காற்று மண்டலம் இருப்பின் அங்கு நீர் நீராகவே நிலைக்கக்கூடும். ஆகவே ‘இரண்டாம் பூமி’ என்று பலர் எழுதினர். எனினும் அளந்தறிந்தவை அதன் சுற்றுக்காலமும் குறைந்தபட்ச நிறையுமே. காற்றையோ நீரையோ எவரும் கண்டிலர். பிராக்சிமாவோ அடிக்கடிச் சீறித் தீக்கதிர்களை உமிழும் இயல்பினது. அச்சீற்றம் கோளின் காற்றையே அகற்றியிருக்கவும் கூடும்.

அளந்தது எது, விரும்பியது எது என்று பிரித்துணர்வதே அறிவியலின் முதற்பாடம். நம் வட்டாரத்து ஜவ்வாது மலைக் காவலூரிலும் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானை அளந்து வருகிறது. மாணவச் செல்வங்கள் அப்பணிக்குத் தம்மை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என விழைகிறோம்.