தறி ஆயிரம், கரை ஒன்று

ஒரே செயலியைப் பல குழுக்கள் பிரித்துக்கொண்டு செய்யும்போது, ஒரு பக்கத்தில் பொத்தான் பச்சையாகவும் அடுத்த பக்கத்தில் நீலமாகவும் வந்து நிற்கும். அதைத் தவிர்க்கத்தான் மென்பொருள் நிறுவனங்கள் பொது வடிவமைப்புத் தொகுப்பு வைத்திருக்கின்றன. கூகுள் 2014-ல் வெளியிட்ட மெட்டீரியல் டிசைன் அந்த வகை. காஞ்சிபுரத்துக்கு இது பழைய சங்கதி.

காஞ்சிப் பட்டு பெரும்பாலும் ஒரே ஆலைக்குள் நெய்யப்படுவதில்லை. நகரத் தெருக்களிலும் முசரவாக்கம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் அவரவர் வீட்டில்தான் தறி. சங்கம் வேறு, முதலாளி வேறு. ஆனாலும் புடவையை விரித்ததுமே எந்த ஊர்ப் பட்டு என்று தெரிந்துவிடுகிறது.

காரணம், எல்லோருக்கும் பொதுவான பெயர்கள். மயில்கண், ருத்ராட்சம், வைர ஊசி, பாலும் பழமும் கட்டம் என்று சொன்னால் போதும். டிசைன் போடுபவர், நெசவாளி, கடைக்காரர், கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த அம்மா என எல்லோர் மனதிலும் ஒரே உரு வரும்.

அந்த உரு தறிக்கு வரும் வழியைப் பாருங்கள். முதலில் கட்டத்தாளில் வரைகிறார்கள். நெடுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு பாவு இழை, குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஓர் ஊடை. ஊடை ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அட்டையில் துளை விழுந்த இடத்தில் ஜாக்கார்டு பெட்டியின் கொக்கி பாவு இழையைத் தூக்கும். அட்டைகளைக் கயிற்றால் கோத்துத் தொங்கவிட்டால், அதே அளவில் அமைந்த எந்தத் தறியிலும் அதே கரை விழும். கரையை மாற்ற வேண்டுமா? அதற்குரிய அட்டைக் கோவையை மாற்றினால் போதும், உடலைத் தொட வேண்டாம். கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் நெய்து இணைக்கும் கோர்வை முறையில், ஊடையை ஓட்டும் நாடா கரைக்கும் உடலுக்குமாக மூன்று ஓடும். கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கத் துணைக்கு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சேர்மான விதி இவ்வளவு கறார். நிறமோ நெய்பவர், நெய்விப்பவர் விருப்பம். நல்ல பொது முறைக்கு இதுதான் இலக்கணம் என்பேன்.

இந்த உருக்களின் கையிருப்பு தானாக வளரவில்லை. 1956 முதல் தொடங்கப்பட்ட நெசவாளர் சேவை மையங்களில் கைத்தறி வளர்ச்சிக்காக உழைத்த புபுல் ஜெயகர் ஓவியர்களைக் கொண்டுவந்து சேர்த்தார். ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் போன்றோர் அங்கே பணியாற்றியவர்கள். காஞ்சிபுரத்திலும் ஒரு மையம் இயங்குகிறது. 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். தறியை விட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகும் வீட்டில், கட்டத்தாளும் அட்டைக் கோவையும் பரணில் கிடந்து செல்லரித்துப் போகின்றன. வரைந்தவர் யார் என்பதும் அதோடு மறைகிறது. இந்தக் கட்டத்தாள்களும் அட்டைகளும் பொதுச் சொத்து. கூட்டுறவுச் சங்கங்களும் சேவை மையமும் சேர்ந்து வீடு வீடாகப் போய் இவற்றைத் திரட்ட வேண்டும். வரைந்தவர் பெயரோடு கணினியில் ஏற்றி, எந்த நெசவாளியும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளத் திறந்துவிட வேண்டும். வரைந்த மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள்.