உஷார்! நடுக்கத்துக்கு முன்பே மனம் சோர்ந்து போகலாம்

“இப்படி ஒரு வியாதி வந்தா யாருக்குத்தான் கவலை இருக்காது?” பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம் வந்தவர் வாடிப்போய் உட்கார்ந்திருந்தால் வீட்டில் இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஆபத்தே அந்தச் சமாதானத்தில்தான் இருக்கிறது. அந்தச் சோர்வு வெறும் கவலையாக இல்லாமல், நோயின் இன்னொரு முகமாகவே இருக்கலாம்.

இந்த நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருக்கின்றன. காரணம் மூளைக்குள் இருக்கிறது. டோபமைன் குறைவதால் கை கால் இயக்கம் தடுமாறுகிறது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் டோபமைனோடு அது நிற்பதில்லை. மூளைத்தண்டில் நார்அட்ரினலினையும் செரட்டோனினையும் சுரக்கும் செல்களும் அழிகின்றன. மனநிலையைத் தாங்கிப் பிடிப்பவை இந்த ரசாயனங்கள்தாம். ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பலருக்கு நோய் முதலில் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியைத் தாக்கி, பிறகே இயக்கத்துக்கான டோபமைன் செல்களை எட்டுகிறது. சிலருக்கு நடுக்கம் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே மனச்சோர்வு வந்துவிடுவது இதனால்தான் என்று கருதப்படுகிறது.

ஏன் கோட்டை விடுகிறோம்?

உணர்ச்சி காட்டாத முகம், தணிந்த குரல், மந்தமான நடை, தூக்கக் கோளாறு எல்லாமே பார்க்கின்சனின் அறிகுறிகள். மனச்சோர்வும் இதே வேஷத்தில்தான் வரும். அதனால் முகத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பேரப்பிள்ளை வந்தாலும் ஆர்வமில்லை, பிடித்த டிவி நிகழ்ச்சியும் வேண்டாம், “நான் எல்லாருக்கும் பாரம்” என்ற பேச்சு... இவை இரண்டு வாரம் நீடித்தால் உஷார்! மாத்திரையின் வேகம் குறையும் நேரத்தில் மட்டும் மனம் சரிகிறதா என்றும் கவனியுங்கள். அப்படியென்றால் மாத்திரை வேளையை மாற்றினாலே பலன் கிடைக்கலாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

• பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். பிரமிபெக்சோல் போன்றவற்றைச் சட்டென விட்டால் பதற்றமும் மனச்சோர்வும் பீறிட்டு வரலாம்.

• மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மனச்சோர்வு மாத்திரை வாங்காதீர்கள். செலிஜிலின், ரசாஜிலின் ஆகிய பார்க்கின்சன் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரைகளில் சில ஆபத்தான எதிர்விளைவை உண்டாக்கும்.

• வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு வேண்டாம். அது டோபமைனைத் தடுத்து, நடுக்குவாதத்தை மோசமாக்கும்.

 

இதைச் செய்யுங்கள்!

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது கை நடுக்கத்தைச் சொல்வதற்கு முன் மனநிலையைச் சொல்லுங்கள். தைராய்டு, பி12 பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அவற்றின் குறைபாடும் இதே சோர்வைத் தரும். மருந்து, மனநல ஆலோசனை, தினசரி உடற்பயிற்சி மூன்றுக்கும் பலன் உண்டு. இது சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடிய சோர்வு.

“செத்துப்போனாத் தேவலை” என்ற வார்த்தை ஒருமுறை காதில் விழுந்தாலும் அலட்சியம் வேண்டாம், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கவும் வேண்டாம். அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ இந்தியாவில் எந்த நேரமும் அழைக்கலாம்.