ரசம் எந்தப் பாத்திரத்தில் வைக்கிறீர்கள்?

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடுகிறது. அந்தக் கறுப்பெல்லாம் எங்கே போச்சு என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? புளியில் கரைந்து போச்சு! விளக்குக்கு அது நல்லது. ஆனால் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளியைக் கொதிக்க வைத்தால்? கரைவது ரசத்தில். போய்ச் சேருவது உங்கள் வயிற்றில்!

எந்த உலோகம் சட்டென்று கரையும், எது லேசில் அசையாது என்பதற்கு வேதியியலில் ஒரு வரிசை இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறார்களே, அதே வினைத்திறன் வரிசைதான்.

உச்சியில் பொட்டாசியம், சோடியம். தண்ணீர் பட்டாலே சீறும் ரகம். அப்புறம் அலுமினியம், துத்தநாகம், இரும்பு, வெள்ளீயம், காரீயம். அதற்கடுத்து எல்லைக் கோடு மாதிரி ஹைட்ரஜன். கோட்டுக்குக் கீழே செம்பு, வெள்ளி, தங்கம். கோட்டுக்கு மேலே உள்ளவை அமிலத்தில் கரையக்கூடியவை. கீழே உள்ளவை வெறும் புளிப்புக்கு மசியாது.

'அப்படியானால் செம்பு பயமில்லையே' என்கிறீர்களா? அங்கேதான் விஷயம். காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்போடு சேர்ந்துகொள்கிறது. அப்படி உண்டாகும் களிம்பைப் புளிப்பு கரைத்துவிடும். அதிகமாக உள்ளே போனால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்குதான்.

அலுமினியம் மேல் வரிசைக்காரன். ஆனாலும் அதன் மேல் தானாகவே படியும் மெல்லிய ஆக்சைடு தோல் அதைக் காப்பாற்றுகிறது. புளிக்குழம்பை ராத்திரி முழுக்க அதிலேயே வைத்தால் அந்தத் தோல் அரிக்கும்.

இப்போது ஈயச் சொம்புக்கு வருவோம். நல்ல சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. வெள்ளீயம் கோட்டுக்குக் கொஞ்சம்தான் மேலே. மெதுவாகத்தான் கரையும், கரைந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. பக்கத்து இடத்திலேயே காரீயம். அதுவும் மெதுவாகத்தான் கரையும். ஆனால் அது விஷம்! எலும்பில் போய்ச் சேர்ந்துகொள்ளும். வயிற்றுவலி, ரத்தசோகை வரலாம். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியே பாதிக்கும். இந்த அளவுவரை ஆபத்தில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வரிசை சொல்வது கரையுமா என்பதை மட்டும்தான். கெடுதலா என்பதைச் சொல்லாது. காரீயம் விலை மலிவு. கலப்படம் செய்வது சுலபம். பார்வைக்கும் ருசிக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்:

* பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பூச்சு தேய்ந்து மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் மறுபடி ஈயம் பூசுங்கள். பூசுவது சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேளுங்கள்.

* புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி, ஊறுகாய் எதையும் உலோகத்தில் வைத்துச் சேமிக்காதீர்கள். கண்ணாடி, பீங்கான்தான் சரி.

* ஈயச் சொம்பின் மேல் சந்தேகமா? பாட்டி கொடுத்ததாகவே இருக்கட்டும், உலோகப் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள். அதுவரை அது அலமாரியில் இருக்கட்டும்.

* அதிலேயே பல வருஷம் சமைத்திருந்தால், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எவர்சில்வரிலும் ரசம் மணக்கும். பெருங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்களேன்!