சுற்றிலும் வெள்ளம், குடிக்க நீர் எங்கே?

இலத்தூர் வட்டாரத் தோழர்கள் நாள்தோறும் காணும் குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. மலையில் கொட்டும் மழை கீழே வாழ்வோர் வாசலுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் அந்த வெள்ளத்தோடு சமவெளி மழையும் சேர்ந்தது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை!

தூத்துக்குடி மாவட்டத்தில் வீடு மூழ்கியோர் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் ஒதுங்கினர். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். குடிக்கவோ குவளை நீருக்குத் தவிப்பு. ஏன்? ஆற்றுப்படுகையை நம்பிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வெள்ளத்தில் பழுதாயின. மின்சாரம் நின்றது, மோட்டாரும் நின்றது.

சோறு தாமதித்தால் பசி. நீர் கெட்டால் சாவு. மிகையாகப் பேசுகிறோமா? 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து தப்பி ஓடிய மக்கள், எல்லைக்கு அப்பால் கோமா நகரருகே தங்கி, ஏரி நீரை அப்படியே குடித்தனர். ஒரே மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். காலராவும் சீதபேதியுமே பெரும்பாலோரைக் கொன்றன. துரத்தியது துப்பாக்கி; கொன்றது தண்ணீர்!

எனவே நாம் சொல்கிறோம்: இடம்பெயர்ந்தோர்க்கு நீர் தருவது தருமமன்று, உரிமை. குடிநீர் மனித உரிமை என 2010 ஜூலை 28இல் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானித்தது. உரிமைக்கு அளவும் உண்டு. உலக நிவாரண அமைப்புகள் கைக்கொள்ளும் ‘ஸ்பியர்’ நெறிப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். 250 பேருக்கு ஒரு குழாய். வரிசையில் அரை மணிக்குமேல் நிறுத்தலாகாது. புகைப்படத்துக்காக நீட்டும் ஒற்றை பாட்டில் இந்தக் கணக்கில் எந்த மூலைக்கு?

அளவு மட்டும் போதுமா? 2004 சுனாமிக்குப் பின் நாகை முகாம்களில், தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுத்தொட்டியில் நீர் பிடிக்கத் தடுக்கப்பட்ட கொடுமையை நாடு மறக்கலாகாது. கடல் சாதி பார்க்கவில்லை, குழாயடி பார்த்தது!

தோழர்களே! பருவமழைக்கு முன்பே ஊராட்சி மன்றத்தில் கேளுங்கள். முகாமாகப் போகும் பள்ளி எது? அங்கே வெள்ளம் எட்டாத தொட்டி உண்டா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? பிளீச்சிங் பவுடர் இருப்பில் உண்டா? தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு நல்ல தூள் சுமார் இரண்டரை கிராம். கலந்தபின் அரை மணி காத்திருப்பு. இவ்வளவு எளிய காரியத்தைச் செய்யாமல் ஓர் உயிர் போகுமானால், அந்தப் பழியை மழையின்மேல் போடவா?

இலத்தூரில் இன்று எழும் கேள்வி, நாளை எந்த ஊர்ப் பிள்ளையின் உயிரையோ காக்கும். கேளுங்கள், விடை வரும்வரை விடாமல் கேளுங்கள்!