திரைச்சுவரும் லயன் அறையும்

2016 மே 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசரக் கந்தை சரிந்தது. அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயன் அறைகள் மண்ணுட் புதையுண்டன. முன்னதை நாடறியும், பின்னதை நினைவுகூர்வோர் சிலரே. இதனை மனத்திற்கொண்டே, அனர்த்தக் கட்டுப்பாட்டறைகளில் உலகெங்கும் பயன்படும் திரைச்சுவரின் தொழிற்பாட்டை இங்கு நோக்க முனைகின்றோம். இலக்கிய மாணவனுக்கு இதில் என்ன அலுவல் என வினவலாம். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது எமது துறையின் பழைய பிரச்சினையே.

பல இலக்கமுறைத் திரைகளை நிரையும் நிரலுமாக அடுக்கி ஒரே பரப்பாக்குவது திரைச்சுவர். ஒவ்வொரு திரையும் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 படப்புள்ளிகள் கொண்டதாயின், நிரைக்கு 3 வீதம் 9 திரைகள் சேர்ந்து 5760க்கு 3240 புள்ளிகளாகும். எளிய முறை சங்கிலி இணைப்பு. ஒரே சமிக்ஞை திரைக்குத் திரை கடத்தப்படும். தனது நிரையும் நிரலும் அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு திரையும் தனக்குரிய துண்டை வெட்டிப் பெருப்பித்துக் காட்டும். செலவு குறைவு, எனினும் ஒரே படமே பெருக்கப்படுவதால் நுணுக்கம் கூடுவதில்லை. மழைமானி அளவுகள், களுகங்கையின் நீர்மட்டம், செய்மதிப் படம் என்பவற்றை ஒரே வேளையில், வேண்டிய இடத்தில், வேண்டிய அளவிற் காட்டுவதற்குத் தனியான கட்டுப்பாட்டுக் கருவி தேவை. அது பல மூலங்களின் சமிக்ஞைகளை உள்வாங்கி, அளவு மாற்றித் துண்டித்துத் திரைகளுக்குப் பங்கிடுகிறது. எல்லாத் திரைகளும் ஒரே கணத்திற் படம் மாறுமாறு ஒத்திசைக்கிறது. திரைச்சட்டங்களின் அகலத்தையும் கணக்கிடவேண்டும். இன்றேல் வரைபடத்தில் ஓடும் ஆறு ஒவ்வொரு விளிம்பிலும் முறிந்து தோன்றும்.

ஆகவே, கண்முன் தெரியும் முழுமை ஆக்கப்பட்டதொரு முழுமை. உள்ளீடு இல்லாத இடத்துக்குச் சுவரிற் கட்டமும் இல்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலின்படி 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைக் கடப்பின் விழிப்பு. 100ஐக் கடப்பின் எச்சரிக்கை. 150ஐயோ, ஒரு மணி நேரத்தில் 75ஐயோ கடப்பின் வெளியேற்றம். மலைநாட்டில் மழையோ மேட்டுக்கு மேடு வேறுபடுவது. அயலிலுள்ள மானியின் கணக்கு இந்த லயத்துக்குப் பொருந்தாது போகலாம்.

தோட்டங்கள் நெடுங்காலமாகவே மழை அளந்து வந்துள்ளன என்பதே இங்குள்ள முரண். கொழுந்தின் நிறையோடும் இறப்பர்ப் பாலின் அளவோடும் மழையும் கணக்கேட்டில் ஏறியது; விளைச்சலுக்காக ஏறியது, சரிவின் அடியில் உறங்குவோருக்காகவன்று. அந்த எண்ணை எந்த இணைப்பில் எவர் செலுத்துவர் என்பது பொறியியல் வினா மட்டுமன்று, உடைமை பற்றிய வினாவுமாகும். சுவரிற் சிவப்பு தோன்றிய பின்னும், அச்செய்தி நள்ளிரவில், தமிழில், லயத்தின் கடைசி அறைவரை செல்லவேண்டும். சென்றாலும், நிலம் தனதல்லாத தொழிலாளி குடும்பத்தோடு எங்கு ஏறிப்போவது?