உப்பளத்துப் பெண்ணைக் கேட்டார்களா?

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோடையில் கார்கள் ஓரங்கட்டி நிற்கும். தலையில் உப்புக்கூடையுடன் வரப்பில் நடக்கும் பெண்களைப் படமெடுத்து உடனே இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். புதுச்சேரிப் பக்கமாகச் சற்றுத் தள்ளிப்போனால் கீழ்புத்துப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது; அங்கிருப்பவர்களும் இணையத்தில் படம் போடுவார்கள். இணையத்தில் கிடக்கும் இத்தகைய முகங்களையும் எழுத்துகளையும் வாரியெடுத்துத்தான் ஆக்கமுறை ஏஐக்குப் பயிற்சி தருகிறார்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்டில். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. குடியுரிமை இல்லாமல் முகாமில் வாழ்பவருக்கும் அது உண்டு. இது பெரிய விஷயம்.

ஆனால் 3ஆம் பிரிவில் ஓர் ஓட்டை. ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தகவலுக்குச் சட்டம் பொருந்தாது. முகாம் பெண் தன் பேத்தியின் சடங்குப் படத்தை எல்லோரும் பார்க்கும்படி முகநூலில் போட்டால், அதிலிருக்கும் அவருடைய சொந்த முகத்தை ஏஐ நிறுவனம் எடுத்துக்கொள்ளத் தடையில்லை. உப்பளத்துப் பெண்ணின் படத்தைப் போட்டதோ வழிப்போக்கர். அவர் தானே வெளியிடவில்லை. ஆகவே விலக்கு பொருந்தக் கூடாது. ஆனால் கோடிக்கணக்கான படங்களில் எதை யார் போட்டார் என்று எந்த நிறுவனம் பிரித்துப் பார்க்கப்போகிறது? போதாததற்கு, ஆராய்ச்சிக்கென்று 17ஆம் பிரிவில் தனி விலக்கும் இருக்கிறது.

சரி, பிறகு நீக்கச் சொல்லலாமே? 12ஆம் பிரிவு தரும் நீக்கும் உரிமை, முன்பு சம்மதம் கொடுத்தவருக்குத்தான். கேட்காமலே எடுக்கப்பட்டவருக்கு அந்த வழியும் இல்லை. நுட்பமும் கைகொடுக்காது. பயிற்சியில் படம் அப்படியே கோப்பாகத் தங்குவதில்லை. கோடிக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாக மாற்றிவிட்டுப் போகிறது. பாத்தியில் விளைந்த உப்பில், ஒரு குடம் நீர் தந்த பங்கை மட்டும் பிரித்துக் கேட்பது போலத்தான்.

இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 மார்ச் இறுதியில் சாட்ஜிபிடியை நிறுத்தியது. அதைப் பயன்படுத்தாதவர்களும் தங்கள் தகவலைப் பயிற்சிக்கு எடுக்கக்கூடாதென்று மறுக்கவும், பிழையைத் திருத்த முடியாவிட்டால் நீக்கக் கோரவும் வழிசெய்யச் சொன்னது. சில வாரங்களில் அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் இறங்கிவந்தது. அந்தரங்கச் சட்டத்துக்குப் பல் உண்டு என்பதற்கு இது போதும்.

ஆனால் அந்தப் பல், தகவலை வாரும் இடத்திலேயே கடிக்க வேண்டும். எங்கிருந்து, யாருடைய தகவலை எடுத்தோம் என்பதைப் பயிற்சிக்கு முன்பே நிறுவனங்கள் பதிவுசெய்ய வேண்டும். நம் சட்டத்துக்கு 2025 நவம்பரில் வெளியான விதிகள், முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்தன. 3ஆம் பிரிவின் ஓட்டையை அதற்குள் நாடாளுமன்றம் அடைக்க வேண்டும்.