ஏரிக்கரையில் முப்பத்தாறு படங்கள்

2003-இல் ஆக்லாந்துக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்த முகமாகப் பட்டது ஒரு நாமக்கோழி மட்டும்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து பஸ் ஏறி வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் பூங்காவுக்குப் போயிருந்தேன். கறுத்த உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக அது கரையோரத்தில் மிதந்துகொண்டிருந்தது. கூந்தன்குளத்தில், அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தபடி பார்த்த அதே பறவை. ஆஸ்திரேலியாவிலிருந்து தானாகப் பறந்து வந்த நாமக்கோழி நியூசிலாந்தில் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது 1958-இல்தான் என்று பிறகு படித்தேன். அதுவும் கடல் தாண்டிக் குடிவந்ததுதான் என்று தெரிந்ததில் எனக்கு அவ்வளவு ஆறுதல்.

அன்று தோளில் தொங்கியது அப்பா கொடுத்தனுப்பிய பழைய பிலிம் கேமரா. ஒரு சுருளுக்கு 36 படம். கழுவிப் பிரிண்ட் போடும் செலவை நினைத்தால் விரல் தானாக அடங்கிவிடும். கண்தான் வேலை செய்யும். நம் ஊர் நீலத் தாழைக்கோழியின் நெருங்கிய சொந்தம் ஒன்று இங்கே உண்டு. பெயர் புக்கேக்கோ. அது கோரைக் குருத்தைப் பிடுங்கி, ஒற்றைக் காலில் நின்று, மறு காலால் கிளி மாதிரி பிடித்துக் கடித்துத் தின்பதை அரை மணி நேரம் பார்த்திருந்து, ஒரே ஒரு படம் எடுத்தேன். ஒரே கூட்டில் இரண்டு மூன்று பெட்டைகள் முட்டையிடும். குஞ்சுகளை அந்தக் கூட்டமே சேர்ந்து வளர்க்கும். சித்தி, அத்தை, பாட்டி என்று எல்லார் கையிலும் வளர்ந்த எனக்கு அந்தக் கரையில் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்படியே உட்கார்ந்து ஜெபித்தேன்.

லண்டன் ஆல் சோல்ஸ் ஆலயத்தின் போதகராக இருந்த ஜான் ஸ்டாட் வாழ்நாள் முழுக்கப் பறவைகளைப் பின்தொடர்ந்தவர். தாம் எடுத்த படங்களோடு 1999-இல் ஒரு புத்தகமே எழுதி, பறவைகளை நம் ஆசிரியர்கள் என்றார். மலைப் பிரசங்கத்தில் ஆண்டவர் பறவைகளைக் கவனிக்கச் சொன்னது ஒரு கட்டளை. அதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எத்தனை காலம் கைக்கொண்டேன் என்பது வேறு.

ஏரியும் இந்த இருபது வருடத்தில் மாறியிருக்கிறது. இதற்கு மாவோரி மக்கள் வைத்த பெயர் தெ வை ஓரேயா, விலாங்கு வாழும் நீர். த்ரீ கிங்ஸ் எரிமலை கக்கி உறைந்த பாறைக்குள் மழை இறங்கி, நிலத்தடியிலேயே ஓடி, இங்கே ஊற்றாக வெளிப்படுகிறது. 1877-இல் பம்ப் வீடு கட்டி இந்தத் தண்ணீரை ஏற்றித்தான் ஆக்லாந்து குடித்தது. 1928-இல் அது நின்றது. 1964 முதல் அந்த இடத்தில் மோடாட் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நீராவி எந்திரத்தை அங்கே இன்றும் பார்க்கலாம். ஒரு நகரத்தின் தாகத்தைத் தணித்த நீரில் இன்று தெருவின் மழைநீர் கலக்கிறது. ஒரு வாய் அள்ளிக் குடிக்க மனம் வராது. என் பழைய படங்களில் கருப்பு அன்னங்களுக்குப் பின்னால் பைன் மரங்கள் சுவர் மாதிரி நிற்கும். நூறு வயதை ஒட்டிய சுமார் இருநூறு மரங்கள் அவை. நீண்ட வழக்குக்குப் பிறகு 2021-இல் வெட்டினார்கள். இப்போது அதே இடத்தில் நின்று எடுத்தால் பின்னணியில் வானம்தான் வருகிறது. அந்த மேட்டில் இந்த மண்ணுக்கே உரிய கன்றுகள் வளர்கின்றன. மரங்கள் போனது எனக்கு வருத்தம்தான்; கன்றுகளைப் பார்க்கையில் அது கொஞ்சம் குறைகிறது.

என் கையில் இருப்பதும் மாறிவிட்டது. புதுக் கேமரா ஒரு நொடிக்கு இருபது படம் எடுக்கும். போன வசந்தத்தில் ஒரு காலை, செந்தலையோடு பொரிந்திருந்த நாமக்கோழிக் குஞ்சுகளை ஒரு மணி நேரத்தில் 1,400 படம் எடுத்தேன். இரவு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து, “எத்தனை குஞ்சுப்பா?” என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. தாய் எதை ஊட்டியது என்றாள். அதுவும் தெரியவில்லை. அன்று நான் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன், மனப்பூர்வமாகவே கேட்டேன்.

இப்போது ஒரு தடவைக்கு 36 படம்தான். மீதி நேரத்தில் பாலத்தின் மேல் நின்று தண்ணீரைப் பார்க்கிறேன். போன வாரம் கீழே ஒரு விலாங்கு, என் கை மொத்தம், அசையாமல் கிடந்தது. பல பத்தாண்டுகள் நன்னீரில் வாழ்ந்து, கடைசியில் ஒரே ஒரு முறை கடலுக்கு இறங்கி, வெகுதூரம் பசிபிக்கில் வடக்கே போய் முட்டையிட்டுச் சாகும் இனம். அதன் குஞ்சுகள் கண்ணாடி போன்ற உடம்போடு இந்த ஆறுகளுக்குத் தாமாகத் திரும்பி வருகின்றன. அந்த வழியை அவற்றுக்குக் காட்டுகிறவரை நான் நம்புகிறேன். படம் எடுக்கவில்லை.

இந்த ஏரிக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளோடு வாருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். ரொட்டியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அது பறவைக்கு ஆகாது. மிஞ்சியது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். இந்தப் பறவைகளுக்குப் பிதா ஏற்கனவே ஊட்டிக்கொண்டிருக்கிறார்.